அடியில் ஈரமில்லை

புளியஞ்சோலையிலிருந்து கொல்லிமலை ஏறி ஜெய்லானி வாழவந்தி நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. துறையூரில் பஸ்ஸும் லாரியும் ரிப்பேர் பார்க்கிறவர் அவர். சாமான் பையைச் சுமந்து பாறை பாறையாக ஏறியதில் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். கொல்லிமலைக்கு அப்போது கார் போகிற ரோடு கிடையாது. அந்த மலையின் மேல் ஒரு கார் நிற்கிறது, அதன் கார்புரேட்டர் ஒழுகுகிறது என்று ஆள் வந்து கூப்பிட்டபோது, யாரோ கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தார்.

கேலி இல்லை. காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் அது நின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்புப் பந்தயக் கார். மூக்கு நீண்டு, தரையோடு பதுங்கியிருந்தது.

"கழட்டி, மூங்கில்ல கட்டி, ஆளுகளை வெச்சுத் தூக்கியாந்தது பாய்," என்றார் தோட்டத்து முதலாளி அர்த்தனாரி. "தோட்டத்தைச் சுத்திப் பாதை போட்டிருக்கறேன். மலை மேல கார் ஓட்டுற ஆளு இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான். பாரஸ்ட் தொரை வாராரு, அவரை இதுல உக்கார வெச்சுச் சுத்தோணும். அதுக்குள்ள இந்த ஒழுக்கு நிக்கோணும்."

"எவ்வளவு ஒழுகுதுங்க?"

"சாயங்காலம் ஒரு டின்னு ஊத்துனா, விடிஞ்சா காலி."

அர்த்தனாரி போனபிறகு ஜெய்லானி குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு டின் பெட்ரோல் குடித்த மண் கறுத்துப்போயிருக்க வேண்டும். நாற்றம் ஆளைத் தள்ள வேண்டும். இங்கே மண் வெளுத்துக் கிடந்தது. மூக்கில் ஏறியது பெட்ரோல் வாசனை இல்லை. ஓடைக்கரைப் பாறையில் பாசி பிடித்தால் வருமே, அந்த வாடை.

கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தார், ஓட்டை இல்லை. பெட்ரோலை அடைக்கும் ஊசியின் முனையை மட்டும் கொஞ்சம் தேய்த்துப் பதமாக்கினார். புதுக் கார்க் வளையம் வெட்டிப் போட்டார். எல்லாவற்றையும் பூட்டி, பெட்ரோல் ஊற்றி, குழாயின் திருகைத் திறந்தார்.

ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது.

மறுபடி ஒன்று.

எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஒழுகுவதை வீணாக்க வேண்டாமே என்று ஒரு தகரத் தட்டை அடியில் தள்ளினார். சொட்டுகள் விழுந்தன. ஆனால் தகரத்தில் ஓசை எழவில்லை.

தட்டை இழுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. மறுபடி உள்ளே தள்ளினார்.

வெளியே மஞ்சு இறங்கி, காப்பிச் செடிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. ஜெய்லானி தரையில் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்துப் பார்த்தார். சொட்டு திரண்டது, நீண்டது, அறுந்தது. தட்டுக்கு ஒரு சாண் மேலே, இல்லாமல் போனது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மடக்.

தொண்டையில் இறங்கும் சத்தம்.

பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தவர், கொட்டகை வாசலில் ஆள் நிற்பதைக் கண்டு அலறிவிட்டார். வீட்டு வேலைக்காரி பொன்னாயி. கையில் காப்பித் தம்ளர்.

"உங்களுக்கும் கேட்டுருச்சுங்களா?" என்று கிசுகிசுத்தாள். "நிறுத்திப்போடாதீங்க. குடிச்சுட்டுப் போகட்டும்."

"யாரும்மா?"

"எங்கூட்டுக்காரரு. சென்றாயன்."

உள்ளே வராமலே சொன்னாள். "இந்த இஞ்சினைத் தூக்கியாரப்ப ஓடைப் பாறையில வழுக்கிருச்சுங்க. அவரு இடுப்பு மேலயே விழுந்துச்சு. உசுரு இருந்துச்சு. தண்ணி, தண்ணின்னாராம். ஓடை அங்கதானுங்க ஓடுது! மழை வருது, இஞ்சினு நனையும், மொதல்ல அதை மேல ஏத்துங்கன்னு ஐயா ஆளுக எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துட்டாரு. திரும்பிப் போயிப் பாத்தா, வாயத் தொறந்தபடி கெடந்தாரு."

"அவருக்குத் தண்ணி வெச்சுப் பாத்தியா?"

"காருகிட்ட வந்தா கையை ஒடிச்சுப்போடுவேங்கறாருங்க ஐயா."

ஜெய்லானி தகரத் தட்டை வெளியே இழுத்தார். பிறகு தன் செம்பிலிருந்த தண்ணீரைத் தட்டு நிறைய ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு காரின் அடியில் தள்ளினார்.

சொட்டு நின்றுவிட்டது.

தட்டில் தண்ணீர் மெல்ல, மிக மெல்லக் குறைந்தது. பொன்னாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொட்டகைக்குத் திரும்பி வந்த அர்த்தனாரி, ஒழுக்கு நின்ற சந்தோஷத்தில் ஜெய்லானியின் தோளைத் தட்டினார். "ஐயா, ஒண்ணே ஒண்ணு," என்றார் ஜெய்லானி. "தினமும் இதுக்கு அடியில கொஞ்சம் தண்ணி வெச்சிருங்க."

அர்த்தனாரியின் முகம் மாறியது. அடியில் இருந்த தட்டைப் பார்த்தார். பொன்னாயியைப் பார்த்தார். காலால் ஓர் எற்று எற்றினார். தட்டு சுவரில் மோதி உருண்டது.

"என்ற காருக்கு என்ன செய்யோணும்னு எனக்குத் தெரியும்!"

ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சிவப்பு நிறம் மஞ்சுக்குள் கரைந்தது. இஞ்சின் சத்தம் தோட்டத்தைச் சுற்றி வளைந்து, மேட்டில் ஏறி, பலாமரங்களுக்குப் பின்னால் போனது.

அங்கே நின்றது.

எவ்வளவு நேரமாகியும் திரும்பவில்லை. ஜெய்லானியும் பொன்னாயியும் தேடிப் போனார்கள். பாதை நடுவில் கார் நின்றது. சீட்டில் ஆள் இல்லை. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அர்த்தனாரி மல்லாந்து கிடந்தார். கார்புரேட்டருக்கு நேர் கீழே, வாயை ஆவென்று திறந்தபடி.

"தண்ணி," என்றார்.

வெளியே இழுத்துப் போட்டார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உதடு மட்டும் வெயிலில் கிடந்த வாழைப்பட்டைபோல் வெடித்திருந்தது. பொன்னாயி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கணம் அவள் தண்ணீர் எடுக்கப் போகமாட்டாள் என்றே ஜெய்லானிக்குத் தோன்றியது. பிறகு ஓடினாள். குடத்தோடு வந்து, தலையைத் தன் மடியில் தாங்கி ஊற்றினாள்.

"குடிங்க ஐயா, குடிங்க சாமி."

குடம் முழுக்கக் குடித்தார். வயிறு உப்பவில்லை. உதடு நனையவில்லை.

"இன்னும்," என்றார். அதன்பிறகு பேசவில்லை.

உடலைத் தூக்கி வந்த ஆட்கள், காய்ந்த சருகைத் தூக்குவது மாதிரி இருந்தது என்றார்கள். அந்தக் காரை மலையிறக்க அர்த்தனாரியின் மனைவி அம்சவேணி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். ஓர் ஆளும் தோள் கொடுக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே கொடி படர்ந்து மூடிப்போனது.

அடுத்த கமலா ஆரஞ்சுப் பருவத்தில், மலையிலிருந்து இறங்கிய பழம் துறையூர்ச் சந்தைக்கு வந்தது. ஜெய்லானி ஒன்றை உரித்துத் தின்று பார்த்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. மகள் நஜிமாவுக்குப் பிடிக்குமே என்று துண்டு நிறைய வாங்கி முடிந்துகொண்டு, புளியமரச் சாலை வழியாகத் தனியாக நடந்து வீட்டுக்கு வந்தார்.

நஜிமா ஒரு பழத்தை உரித்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொன்றை உரித்தாள்.

"என்ன அத்தா இது, எல்லாம் சக்கையா இருக்கு?"

ஜெய்லானி வாங்கிப் பார்த்தார். சுளைகள் பஞ்சுபோல் உலர்ந்திருந்தன. எல்லாப் பழத்திலும் அப்படித்தான். துண்டில் அந்த ஓடைப் பாசி வாடை அடித்தது. தோலில் ஓர் ஓட்டையும் இல்லை.