சிவப்புக் கோடு தாண்டியவள்

நாற்பத்தொரு நாள், மூன்று மணி நேரம்... யோஸ்டைனின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்த கணத்திலிருந்து ஸுன்னிவா எண்ணிக்கொண்டிருந்தாள்.

அன்று மலைகளுக்கு நடுவே நீண்டு கிடந்த கடல்நுழைவான ஃபியோர்டு முழுக்க மழை. மீன்நோய் ஆய்வகத்திலிருந்து வந்தவள், சால்மன் பண்ணை மேடையின் சிவப்புக் கோட்டருகே நின்றாள். நோய் ஒட்டி வராமலிருக்க, வெளியார் தங்கள் பூட்ஸை அங்கே கழற்றிவிட்டு, பண்ணையின் பூட்ஸை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அவள் குனிந்த அதே நேரம், எதிரே கயிறு கட்டிக்கொண்டிருந்த யோஸ்டைன் வழுக்கினான். மீன் வளர்க்கும் வலைக்கூண்டுக்கும் படகுக்கும் நடுவே, கறுத்த தண்ணீரில் பாதி உடம்பு...

தாண்டிவிட்டாள். தன் பூட்ஸோடு.

இழுத்துப் போட்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை: “ஏய்... பூட்ஸ் மாத்தல நீ!”

“உன்னைத் தண்ணில விட்டுட்டு மாத்தியிருக்கணுமா?”

“சட்டப்படி பாத்தா... ஆமா.”

சாம்பல் நிறக் கண்கள். இமையில் உப்புத் தண்ணீர். அவளுக்குக் கன்னம் சுட்டது. அன்று காலை அதே பூட்ஸோடு இன்னொரு ஃபியோர்டில் ஒரு பண்ணைக்குப் போய்வந்ததே மறந்துபோனது.

பிறகு ஞாயிறுதோறும் அவன் வீட்டில் காப்பி, பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி. அவளுக்கு வைரஸைத் தவிர வேறு பேசத் தெரியாது.

“அதுக்குப் பசி கிடையாது, மூச்சு கிடையாது. தனியா கிடந்தா தூசி மாதிரிதான். உயிருள்ள செல்லுக்குள்ள புகுந்துட்டா, அந்தச் செல்லையே வேலை வாங்கித் தன்னை மாதிரி ஆயிரம் செஞ்சுக்கும்.”

“நீ எங்க வீட்டுக்கு வர்ற மாதிரின்னு சொல்லு. காப்பி என்னது, ரொட்டி என்னது...”

“கடைசில அந்தச் செல் செத்துடும், யோஸ்டைன்.”

“சாகறேன், போ.”

இருபத்தைந்தாம் நாள் மீன்கள் செவுள் வெளுத்துச் சாகத் தொடங்கின.

வைரஸை வளர்க்கச் சத்துநீர் மட்டும் போதாது. உயிருள்ள செல்களைக் கொடுக்க வேண்டும். குடுவையில் பாய் விரித்தாற்போல் ஒட்டிக் கிடந்த செல்கள் மேல் செத்த மீனின் மாதிரியை அவளே விட்டாள். தினமும் நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒவ்வொன்றாக உருண்டன... கழன்றன... மிதந்தன. அன்று காலை போய்வந்த அந்த இன்னொரு பண்ணையிலும் இதற்குள் நோய் உறுதியாகியிருந்தது. இரண்டு பண்ணை வைரஸின் மரபு வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

அறிக்கையில் ‘எப்படி வந்தது’ என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினாள். உடனே அனுப்பியும்விட்டாள். அது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

நோய் பரவாமலிருக்க, இன்று இரண்டு லட்சம் மீன்களையும் கொல்கிறார்கள். பம்பு கூண்டுகளிலிருந்து மீன்களை உறிஞ்சிக்கொண்டிருந்தது. யோஸ்டைனின் அப்பா ஓட்வார் மழையில் தொப்பியில்லாமல் நின்றார். மகனைப் பார்க்காமலே பேசினார்.

“புது இடத்துல மீன்குஞ்சு வாங்காதேன்னு சொன்னேன். கேட்டானா? துரைக்கு எல்லாம் தெரியும்!”

அவர் நகர்ந்ததும் யோஸ்டைன் ஸுன்னிவா பக்கம் திரும்பினான். பத்து நாள் தூங்காத கண்கள்.

“அப்பா சொல்றது சரிதான். நான் வாங்கின குஞ்சோடதான் நோய் வந்திருக்கு. இனிமே அவர் முகத்துல முழிக்க முடியாது என்னால. வடக்க போயிடறேன், மீன்பிடிப் படகுல வேலைக்கு.” கொஞ்சம் நிறுத்தினான். “உன்னை எனக்கு... ரொம்பப் பிடிக்கும், ஸுன்னிவா. எல்லாத்தையும் கெடுத்தவன்தான் நான். இருந்தாலும் கேக்கறேன்... என்கூட வர்றியா?”

ஒரு ‘ம்’ போதும். அறிக்கை போய்விட்டது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. வடக்கே ஒரு சின்ன வீடு... அதில் தினமும் இவன் தன்னையே நொந்துகொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் காப்பி ஊற்றிக் கொடுப்பாள்.

“எனக்கும் உன்னைப் பிடிக்கும்” என்றாள். குரல் பம்பின் இரைச்சலில் அமுங்கியது. அவன் முகம் மலரப் போவதைப் பார்க்க முடியாமல் சட்டென்று திரும்பினாள்.

“ஓட்வார்! அந்தப் பம்பை நிறுத்துங்க. நீங்களும் கேக்கணும்.”

இரைச்சல் நின்றது. மழை மட்டும் பெய்தது.

“குஞ்சுல ஒண்ணுமில்ல. யோஸ்டைனை இழுத்துப் போட்ட அன்னைக்குக் காலையில நான் நோய் இருந்த பண்ணையில நின்னேன். அங்கேர்ந்து என் பூட்ஸுல அதைக் கொண்டுவந்தது நான்தான்.”