சனிக்கிழமைப் போக்காடு

அசனத்துக்கு வளர்த்த ஆடுகளைக் கொன்றது நான்தான். அசனம் என்றால் சபையே ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும் விருந்து; வருஷம் முழுக்க அதற்காகத்தான் உழைக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். நான் கத்தியெல்லாம் எடுக்கவில்லை. பட்டியின் காற்றுக்குழாயைப் பழுது பார்க்கப் போனவன், வெளி வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் பாடகர் குழு ஒத்திகைக்கு ஓடிவிட்டேன். அன்று எனக்கென்று தனியாக நாலு வரி கொடுத்திருந்தார்கள். நான் இரண்டாவது வரியை இழுத்துக்கொண்டிருந்தபோது பட்டியிலிருந்த காற்று முழுவதும் வெளியே செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்விட்டது. ஆடுகள் செத்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அதே குழாயில் காற்று பெறும் பாலர் வகுப்பில் பிள்ளைகள் மயங்கிச் சரிந்தார்கள். எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்; டாக்டர் செல்லப்பாவுக்கும்.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் போல நானும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போக்காட்டின் முன்னால் வரிசையில் நின்றேன்.

போக்காடு ஓர் இயந்திரம். அரசாங்கம் வைத்த பெயர் பதிலாள். வேதாகமத்தில் ஊரார் பாவத்தைத் தலையில் சுமத்தி வனாந்தரத்துக்குத் துரத்திவிடும் ஆட்டின் பெயரை எங்கள் பிள்ளைகள் அதற்கு வைத்துவிட்டார்கள். செவ்வாயின் மண்ணுக்கடியில் வாழும் எங்களுக்குச் சிறை கட்டுப்படியாகாது. உள்ளே இருப்பவனும் காற்றை இழுப்பான், வேலை மட்டும் செய்யமாட்டான். ஆகவே சட்டம் வலியையே தண்டனையாக வைத்தது. காதுக்குப் பின்னால் பதித்த நரம்புச்சில்லு வழியாக, தப்புக்குத் தக்க வலி. ஆனால் வலித்தவன் மறுநாள் வேலைக்கு எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் பூமியிலிருந்து பதிலாள் வந்தது. தப்புக்கான வலியை யாராவது உணர்ந்தே ஆக வேண்டும் என்பது சட்டமாதலால், மனிதருக்கு இருப்பது போன்ற நரம்பிழைகளை அதற்குள் கோத்திருந்தார்கள். அதன் உள்ளங்கையில் கை வைத்துத் தப்பைச் சொல்லிவிட்டு நாம் சாப்பிடப் போகலாம். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

அதற்கு வலிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும்.

"என்ன எட்வின் அண்ணே, ஆடு ஒரு பாவம், பிள்ளைங்க ஒரு பாவமா? இல்ல சேத்தே சொல்லிருவீங்களா?" என்றான் பின்னால் நின்ற பொன்ராஜ்.

"அன்னைக்கு அண்ணன் பாடுனதையும் சேத்துக்கணும்ல," என்றது அதற்கும் பின்னாலிருந்து ஒரு குரல்.

கை வைத்தேன். சொன்னேன். போக்காட்டின் நெற்றி விளக்கு மஞ்சளைத் தாண்டிச் சிவப்பானது. கையை எடுத்ததும் நெஞ்சு லேசாகி, வெட்கமில்லாமல் பசித்தது.

எங்கே போனாலும் ஸ்பேனரோடு போய், அதை அங்கேயே வைத்துவிட்டு வருவது என் வழக்கம். பாதிச் சாப்பாட்டில்தான் அது போக்காட்டின் மடியில் கிடப்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போனேன்.

போக்காடு சும்மா உட்கார்ந்திருந்தது. விளக்குகூட எரியவில்லை. முதுகுத் தகடு திறந்திருக்க, அதிலிருந்து ஒரு கம்பி கிளம்பிப் பின்னறைக்குள் போனது. கம்பியின் மறுமுனை ரஞ்சிதம் அக்காவின் காதுக்குப் பின்னால் இருந்தது.

இயந்திரத்தைப் பராமரிப்பது அக்காதான். தரையில் சுருண்டு கிடந்தாள். மடித்த துண்டொன்றைப் பல்லில் கடித்திருந்தாள். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததா என்று தெரியவில்லை. கம்பியைப் பிடுங்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு நொறுங்குகிற பிடி. அப்படியே மண்டியிட்டு இருந்தேன். வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தாள்.

"உன்னோடது பெருசுன்னு கடைசிக்கு வெச்சேன்," என்றாள். "ஆடு பரவால்ல தம்பி. பிள்ளைங்க விழுந்ததுதான் தாங்க முடியல."

இயந்திரத்தின் நரம்பிழைகள் எப்போதோ கருகிவிட்டனவாம். மாற்று இழை பூமியிலிருந்து வந்து சேர வருஷங்கள் ஆகும். பதிலாள் ஓடாவிட்டால் வலி அவரவருக்கே திரும்பும்.

"மொதல்ல ஒரு வாரம் பாக்கலாம்னுதான் மாட்டுனேன். சின்னச் சின்னப் பொய், கோள், ரொட்டித் திருட்டு. தாங்கிக்கலாம் போல இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் உன்னையக் குழாய் வேலைக்கு எடுத்தாங்க."

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். முகம் மட்டும் நனைந்திருந்தது.

யாரிடமும் சொல்லாதே என்றாள். என்னிடம் ரகசியம் சொல்வதும் என்னை நம்பி வால்வை ஒப்படைப்பதும் ஒன்றுதான். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பொன்ராஜ் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் குருவானவர் ஞானாதிக்கம் ஐயர் பிரசங்க பீடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைப் பார்த்து ஊரே அழுதது. அன்றோடு எல்லாம் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன்.

திங்கட்கிழமை அக்காவுக்குச் சிலை வைக்கக் கமிட்டி போட்டார்கள்.

அசனத்தை இனி அக்கா பேரில் நடத்துவதென்று முடிவானது; ஆடு இல்லாததால் சோயா. வாலிபர் சங்கம் பாட்டுக் கட்டியது. ஞாயிறு பள்ளி நாடகத்தில் அக்காவாக நடிக்கப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். புதன்கிழமைக்குள் பாதிப் பேர் கழுத்துச் சங்கிலியில், குட்டியாக மடித்த துண்டு ஒன்று வெள்ளியில் தொங்கியது. என் கழுத்திலும்தான்.

டாக்டர் செல்லப்பாவிடம் கேட்டேன். "அக்காவுக்கு இருதயம் நைஞ்சு போச்சு," என்றார். நிறுத்தச் சொல்லுங்களேன் என்றேன். "என்ன மன உறுதி பாத்தியா அந்த அம்மாவுக்கு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐயரிடம் போனேன். "இதை நிறுத்திரலாமா ஐயரே? நம்ம வலிய நாமளே வாங்கிக்கிட்டா என்ன?"

"அவங்க தியாகத்தை வேண்டாம்னு சொல்றது அவமரியாதை இல்லையா எட்வின்?" என்றார் கனிவாக. "சிலை எந்தப் பக்கம் பாக்கணும்னு நீ ஒண்ணும் சொல்லலையே."

சனிக்கிழமை வந்தது. வரிசையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று நம்பினேன். வரிசை, வெளியே போகும் காற்றறையின் வாசல் வரை நீண்டிருந்தது. வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள்.

"மிஷின்னா என்னமோ மாதிரி இருக்கும்ணே," என்றான் பொன்ராஜ். கையில் காகிதப் பூங்கொத்து. "இவங்க நம்ம மேல பிரியம் வெச்சு வாங்கிக்கிறாங்க. மனசுக்கு எவ்வளவு நிறைவா இருக்கு."

போக்காட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு அதன் நாற்காலியில், கம்பி மாட்டியபடியே, அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக அவள் உள்ளங்கையில் கை வைத்து, தப்பைச் சொல்லி, அழுது, பூவை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

நானும் வரிசையில்தான் நின்றேன். அதற்குச் சற்று முன், காலியான பட்டியில் எழுப்பிய சிலைப் பீடத்தின் கலவையை உலர்த்தக் காற்றோட்டம் தேவைப்பட்டது. அதே வெளி வால்வைக் கொஞ்சமாகத் திறந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டது, மூடாமல் வந்துவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் நாடக ஒத்திகை என்பதும் ஞாபகம் வந்தது. ஆனால் வால்வைவிட வரிசை பக்கத்தில் இருந்தது.

என் முறை. அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. கை வைத்தேன்.

"அக்கா, எல்லாரும் சுத்தி வளைச்சே பேசுறாங்க. நீங்களாவது நேராச் சொல்லுங்க. சிலை வேணுமா, அசனம் வேணுமா? உங்களுக்கு நாங்க என்னதான் செய்யணும்?"

"இப்ப என்ன பண்ணிட்டு வந்திருக்க?"

சொன்னேன்.

"இன்னும் திறந்தா கிடக்கு?"

"ஆமாக்கா."

அவள் என் கையைத் தன் உள்ளங்கையிலிருந்து எடுத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"போய் மூடு," என்றாள்.