நாலு விரல் பாதம்

புத்தளம் களப்பு நீரோரத்தில் புதிதாகத் திறந்திருந்த ஸ்கேன் நிலையத்துக்குள், மச்சான் றவூப்பைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான் ஃபாஹிம். நல்ல பகல் நேரம். ஆனால் உள்ளே ஏசிக் குளிர் எலும்பைத் தொட்டது. அரை ஆயுளை உப்பளத்து வெயிலில் கழித்த றவூப்புக்கு அது கொஞ்சமும் ஒத்துவரவில்லை.

சீனி வருத்தம் அவருடைய இடது காலைப் போன வருஷமே கொண்டுபோய்விட்டது. முதலில் சுண்டுவிரல், பிறகு முழுக் கால். இப்போது வலது பாதமும் கறுத்துக்கொண்டு வந்தது. மிச்சமிருப்பதும் போனால் மனைவி ஜுமானாதான் தூக்கி இறக்க வேண்டும். மவுத்தாகிப் போவதைவிட அதற்குத்தான் அவர் பயந்தார்.

"பயப்படாதீங்க நானா," என்றபடி ஊசியைப் போட்டாள் ஸ்கேன் எடுக்கும் டிலுக்ஷி. சிலாபத்துப் பிள்ளை, வாய் நிறையப் பேசுவாள். "இந்த மருந்தில கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கு. ரத்தத்தோட ஓடும். ஓடுற இடமெல்லாம் கமராவில வெளிச்சமாத் தெரியும். காலுக்கு ரத்தம் போகுதெண்டா வெட்டத் தேவையில்ல."

றவூப்பைக் கட்டிலில் படுக்கவைத்து, ஃபாஹிமை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். கமரா வயிற்றைத் தாண்டி மெல்ல மெல்லக் கீழே நகர்ந்தது.

சேற்று நாற்றம் வந்தது.

சதக்.

ஈரக் கால் ஒன்று தரையில் பதிந்த சத்தம். அடுத்த கால் வைக்கும் சத்தத்துக்காக றவூப் காத்திருந்தார். அது வரவில்லை.

சதக். இன்னும் கிட்ட.

டிலுக்ஷி ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "நானா... உங்கட பக்கத்தில ஆரும் நிண்டாங்களா?"

கட்டிலருகே இருந்த கமராத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒரே இருட்டு. அதை ஒட்டி, கட்டிலுக்கு வெளியே, ஒரு தனிப் பாதம் வெளிச்சமாக நின்றது. இடது பாதம். நாலு விரல். சுண்டுவிரல் இல்லை.

அவள் கூப்பிட்டு உள்ளே வந்த ஃபாஹிம், திரையைப் பார்த்ததும் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான். வெட்டிய காலை வெள்ளைத் துணியில் சுற்றி, மையவாடியில் அடக்கச் சொல்லி அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

"எங்கடா அடக்கின?" றவூப்பின் குரல் கிசுகிசுத்தது.

"மழை மச்சான்... தனிக் குழி தோண்டல்ல. ஆலங்குடாக் கரையில ஒதுங்கின மையத்து இருந்திச்சே, அத அடக்கின குழி மண் இளக்கமா இருந்திச்சி. அதுக்குள்ளயே வெச்சிட்டேன்."

அந்தச் சடலத்தை ஊரே பார்த்தது. பெயர் தெரியாதவன். இரண்டு காலும் இல்லாமல்தான் கடல் அவனைக் கரைக்குத் தந்திருந்தது.

மருந்து சிந்தியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவியை டிலுக்ஷி எடுத்தாள். கதவருகே அது சும்மா இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையை ஒட்டிப் பிடித்ததும் கறகறவென்று கத்தியது. தரையில் கறுப்புச் சேற்றில் ஒரு தடம். நாலு விரலும் றவூப்பை நோக்கியிருந்தன.

மாதக்கணக்கில் உணர்ச்சியே இல்லாத வலது கணுக்காலில் ஈரமான கையொன்று இறுகுவது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

"வெட்டிருங்க மகள்," என்று அழுதார் றவூப். "வெட்டி, அவனுக்கே குடுத்திருங்க."

சம்மதித்தது போலக் கருவியின் கத்தல் சட்டென்று நின்றது.