ஐந்தாவது பெல்ட்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. குளிருகிறவர்கள் போர்வையை இழுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைக்க வேண்டாம். நான் சொல்லப் போகிற கதைக்கு இருட்டே தேவையில்லை, பகலில் நடந்தது. இருட்டில் வந்த பயம் விடிந்தால் போய்விடும். பகலில் வந்த பயம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு லாரி டிரைவர் இருந்தான். கூட்டாளிகள் அவனை முடிச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கட்டின லோடு அசையாது என்று அப்படி ஒரு பேர். பெல்ட்டை இறுக்கிவிட்டு விரலால் ஒரு சுண்டு சுண்டுவான். வீணைக் கம்பி மாதிரி அது 'ங்ங்' என்று பாட வேண்டும். பாடினால்தான் வண்டியை எடுப்பான்.

ஒரே ஒரு நாள் பாடாமலே எடுத்துவிட்டான்.

அன்று அவன் ஏற்றியது ஒரு காட்டு பைக். நாலு தடிச் சக்கரம், இரும்புக் கம்பிக்குள் ஒரு சீட்டு, நம்பர் பிளேட் கிடையாது. மண் பாதையிலும் காட்டுக்குள்ளும் ஓடுகிற சாமான் அது. நெடுஞ்சாலையில் சக்கரம் படக்கூடாது என்று சட்டம். அதனால் லாரியில்தான் கொண்டுபோக வேண்டும், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பெல்ட் போட வேண்டும். நாலாவது பெல்ட்டை இறுக்குகிற பல்சக்கரத்தில், அதாவது ராட்செட்டில், பல் தேய்ந்து போயிருந்தது. எத்தனை இறுக்கினாலும் வழுக்கிவிடும். அதைச் சும்மா மேலே போட்டு, நுனியை உள்ளே செருகிவிட்டான். டிரைவர்கள் அதைப் பார்வைக் கட்டு என்பார்கள். செக்போஸ்ட்டில் எண்ணுகிறவருக்கு நாலு தெரியும். வண்டிக்கு மூன்றுதான்.

மலை ஏற்றம் தொடங்குகிற இடத்தில் கியர் மாற்றினபோது ஒரு குலுக்கல். காட்டு பைக் பின்னால் உருண்டு இறங்கியது. பின்னால் ஸ்கூட்டரில் ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். ராத்திரி டியூட்டி முடிந்து, வெள்ளை உடுப்புக்கு மேலே சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, வீட்டுக்குப் போகிறவள். போய்ச் சேரவில்லை.

போலீஸ் வருவதற்குள் முடிச்சு ஒரு காரியம் செய்தான். அந்தப் பல் தேய்ந்த பெல்ட்டை உருவி, ரோட்டோரத்துக் கல்குழித் தண்ணீரில் வீசிவிட்டான். அப்புறம் வாக்குமூலம் கொடுத்தான்: "நாலும் டைட்டாத்தான் கட்டினேன் சார். நாலாவது அறுந்து எங்கயோ போயிடுச்சு. அந்தம்மா ரொம்ப ஒட்டி வந்தாங்க."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். நர்ஸின் புருஷன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவ எப்பவும் தள்ளித்தான் சார் வருவா."

யாரும் அதை எழுதவில்லை.

எட்டு மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. கொண்டுவந்தவனே, கேஸுக்காக அங்கே நிறுத்தி வைத்திருந்த காட்டு பைக்கை எடுத்துப் போய் உரியவனிடம் விட வேண்டுமாம். காலை எட்டு மணிக்கு முடிச்சு அங்கே நின்றான். மழையும் வெயிலும் தின்ற அந்தச் சாமானுக்குக் கிட்டே போகாமல் எட்டவே நின்றான்.

"என்னய்யா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி தள்ளி நிக்கிற? கிட்டப் போய்க் கட்டு" என்றார் ஏட்டு.

நாலு புது பெல்ட் வாங்கி வந்திருந்தான். காற்று இல்லாத டயர்களுக்குக் காற்று அடித்து, நாலையும் இறுக்கினான். சுண்டினான். நாலும் பாடின.

புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் மகள் போன் பண்ணினாள்.

"ஏம்பா, ஸ்டேஷன்ல குடுத்த அந்த ரிலீஸ் பேப்பரைப் போற வழியில வீட்டுக் கேட்ல சாவியோட செருகிட்டுப் போயிருக்கீங்க. சாவியை வைக்கப் போய்ப் பேப்பரையும் வச்சுட்டீங்க. செக்போஸ்ட்ல கேப்பாங்கல்ல?"

"நீ வராதேம்மா. நான் பார்த்துக்கறேன்."

"ஸ்கூட்டரை எடுத்துட்டேன். பின்னாடியே வர்றேன்." வைத்துவிட்டாள். இனி எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவனே அவன்தான்.

லோடு ஏற்றிய வண்டியை முதல் அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி, கட்டை ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டும். குலுக்கலில் லோடு உட்காரும், பெல்ட் தளரும். அதுவும் விதிதான். ஆனால் அந்த அரைமணி தூரத்தில் இருந்தது அந்தக் கல்குழி. அதன் பக்கத்தில் கால் வைக்க அவனுக்குத் தெம்பில்லை. கண்ணை நேரே வைத்துக்கொண்டு தாண்டினான்.

ஏற்றம் தொடங்கியது. மேகம் ரோட்டில் இறங்கி, வெயிலைப் பால் மாதிரி வெளுக்க வைத்தது. கேபினுக்குள் ஒரு வாசனை வந்தது. ஆஸ்பத்திரி வாசனை. அதற்கடியில் தேங்கின தண்ணீரின் பாசி வாசனை.

பின்னால் சத்தம் கேட்டது.

டக்.

ராட்செட்டில் ஒரு பல் நகர்கிற சத்தம். இருபது வருஷமாகக் கேட்ட சத்தம். அதைத் தப்பாகக் கேட்க முடியாது.

டக்.

கண்ணாடியில் பார்த்தான். காட்டு பைக் லேசாக ஆடியது. அதன் சீட்டில் யாரோ அவனுக்கு முதுகைக் காட்டி, பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

சிவப்பு ஸ்வெட்டர்.

அதற்கும் பின்னால், மேகத்துக்குள், ஒரு ஸ்கூட்டர் விளக்கு மினுங்கியது.

முடிச்சு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். பிரேக்கை மிதித்தால் குலுங்கும். ஏற்றத்தில் நிறுத்தினால் லாரியே பின்னால் வழுக்கும். வேகம் கூட்டினாலும் குலுக்கல்தான். ஒரே சீராக, முட்டைமேல் நடக்கிறவன் மாதிரி, ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ போ என்று வீசினான். மேகம் கையை விழுங்கிவிட்டது. மகளுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது.

சீட்டில் இருந்தவள் கையைத் தூக்கினாள். மெல்ல ஆட்டினாள்.

கூப்பிடுகிறாள். என் பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று முடிச்சுக்குப் பட்டது.

"தாயே" என்றான். கண்ணாடியையே பார்த்தான். "அவ ஒண்ணும் பண்ணலை தாயே. அவளை விட்ருங்க. என்னை எடுத்துக்கங்க."

டக்.

"நான்தான் கட்டலை. பல்லு போன பெல்ட்டு, சும்மா செருகி வச்சேன். நீங்க ஒட்டி வரலை. தள்ளித்தான் வந்தீங்க. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பொய் சொன்னேன்."

கை நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது.

"மேல செக்போஸ்ட்டுக்குப் போனதும் சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். என் பிள்ளைமேல சத்தியம்."

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. சத்தம் இல்லாதது அவனை இன்னும் பயமுறுத்தியது. கண்ணீரும் வியர்வையும் ஒன்றாக வழிய, வளைவுக்கு வளைவு, சமதரை வரும் வரை அவன் மூச்சை முழுசாக விடவில்லை.

செக்போஸ்ட்டில் அதிகாரி தடியோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன்யா, லோடு மேல ஆளை ஏத்திட்டு வர்றியே, சட்டம் தெரியாதா? எங்க அந்தப் பொண்ணு? சிவப்பு ஸ்வெட்டர். இறங்கச் சொல்லு."

மேலே யாரும் இல்லை. சீட்டு நனைந்திருந்தது.

வெகு நேரம் கழித்துத்தான் ஸ்கூட்டர் வந்தது. மகள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பதறினாள்.

"என்னப்பா ஆச்சு? அந்த அக்கா எங்க?"

"எந்த அக்கா?"

"மேல உக்காந்திருந்தாங்களே. நான் கிட்ட வரும்போதெல்லாம் கையை ஆட்டி, தள்ளி வா, தள்ளி வான்னாங்க. அதான் தள்ளியே வந்தேன்."

முடிச்சு லாரித் தட்டைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் பார்த்தான். எட்டு மாதம் வெயிலில் வெடிப்பு விட்ட டயர்களிலிருந்து காற்று முழுக்க இறங்கியிருந்தது. நாலு புது பெல்ட்டும் துணிக்கொடி மாதிரித் தொங்கின. ஒன்றுகூட எதையும் பிடித்திருக்கவில்லை. கல்குழிப் பக்கம் நிறுத்தி ஒரு தரம் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"நாலு சக்கரத்துக்கு நாலுதானே போடுவாங்க. இங்க அஞ்சு இருக்கு" என்றார் அதிகாரி.

ஐந்தாவது குறுக்கே விறைப்பாக நின்றது. துருவும் பாசியும் ஏறி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் ராட்செட்டில் ஒரு பல்கூட இல்லை. அதிகாரி விரலால் சுண்டினார்.

ங்ங்.

முடிச்சு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எழுதுங்க சார்."

"என்னத்தை எழுதறது?"

"அந்தம்மா தள்ளித்தான் வந்தாங்கன்னு. முதல்ல அதை எழுதுங்க."

அதிகாரி எழுதினார். மகள் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கேட்டு முடித்தவள், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்க்காமலே போனாள். அவன் ஜெயிலுக்குப் போன மூன்றாவது மாதம்தான் பார்க்க வந்தாள். வந்தவளும் முதலில் சொன்னது இவ்வளவுதான்: "அந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தேம்பா. நீங்க சொல்லி எழுதினதை அவங்க வீட்டுக்காரர் சட்டைப் பையிலேயே வச்சிருக்காரு."

அந்த பெல்ட்டைச் செக்போஸ்ட் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி அதிகாரியின் இடுப்பில். ஆனாலும் சில நாள் காலையில் அலமாரி காலியாக இருக்கும். அன்றைக்கு ஏற்றத்தில் வருகிற ஏதோ ஒரு லாரியில், கட்டினவன் சொல்வதைவிட ஒன்று கூட இருக்கும். அதிகாரி ஒன்றும் கேட்கமாட்டார். டிரைவரை இறக்கி, எல்லாக் கட்டையும் பிரித்து முதலிலிருந்து கட்டச் சொல்வார். கட்டி முடித்துப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும். அலமாரிக்குள் பெல்ட் ஈரமாகக் கிடக்கும்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலிலிருந்து புறப்படுகிற ஒவ்வொருவரும், போன முகம் போனபடியே திரும்பி வரட்டும். அவர்களுக்கு முன்னால் போகிறவன் நன்றாகக் கட்டினவனாக இருக்கட்டும். கட்டாதவனாக இருந்தால், தள்ளி வா என்று சொல்ல அங்கே ஒரு கை இருக்கட்டும்.