நகராத நிழல்

"என் தம்பியைத் திருடன்னு சொல்லிட்டேன் சார். அது உண்மையா இல்லையான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

அந்தப் பெண் ஓவியர் உட்காரக்கூட இல்லை. தையல் மெஷினில் குனிந்திருக்கும் அம்மாவின் போட்டோவைத் தம்பி பெரிதாக அச்சடித்துக் கொடுத்தானாம். அதன்மேல் இவர் எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாகப் பூசினாராம். இன்று காலை கண்காட்சிக் கூடத்தில் தொட்டுப் பார்த்தால் படம் போலி!

"வண்ணம் காயற வரைக்கும் தம்பியோட அச்சகத்துலதான் இருந்துச்சு. அப்புறம் படத்துக்கு மரச்சட்டம் போடுறவர்கிட்ட போச்சு. அவர் மாட்டின கையோட கூடத்துல கொண்டுபோய்க் கொடுத்துட்டார். அச்சு மெஷின் வெச்சிருக்கிறவன் வேலைதான் இதுன்னு கூடத்துக்காரர் சாதிக்கிறார். சாயங்காலம் போலீஸ் வருது."

துப்பறிவாளர் நிதானமாகச் சட்டையை மாட்டினார். அவர் மனைவியின் தம்பி அதற்குள் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கூடத்தில் எல்லோரையும் வரவழைத்தார்கள். தம்பி சுவரோரமாக நின்றான். அக்கா பக்கம் அவன் பார்வை போகவே இல்லை.

"மச்சான், டார்ச்சைப் படத்துக்கு இடப்பக்கம் பிடி. இப்போ வலப்பக்கம்."

"அத்தான்! வெளிச்சம் நகருது, வண்ண மேட்டோட நிழல் நகரலையே!"

"எப்படி நகரும்? பூசின படத்தை அப்படியே போட்டோ எடுத்து அச்சடிச்சு, மேலே நிறமில்லாத பசையை மேடு மேடா தடவியிருக்காங்க. நிழலும் சேர்ந்து அச்சாயிடுச்சு."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் கூடத்துக்காரர்.

துப்பறிவாளர் சட்டம் போட்டவரிடம், "சட்டத்தைக் கழட்டுங்க," என்றார்.

படம் மட்டும் மேசைமேல் கிடந்தது. அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புப் பட்டை. மச்சான் தன்னை மறந்து கத்தினான். "சட்டம் போயிடுச்சு, அதோட நிழல் இங்கேயே இருக்கு!"

"அதேதான். சட்டத்துக்குள்ள இருந்தப்ப போட்டோ எடுத்திருக்காங்க. தம்பிகிட்ட இருந்தப்ப இதுக்குச் சட்டமே கிடையாது. சட்டம் போட்டவர் எடுக்கிறதா இருந்தா, மாட்டுறதுக்கு முன்னாடி வெறும் படமாவே எடுத்திருப்பார். மாட்டின பிறகு இது யார் பொறுப்புல இருந்துச்சு?"

எல்லாத் தலைகளும் கூடத்துக்காரர் பக்கம் திரும்பின. பேயறைந்ததுபோல் நின்றவர், சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

"ஸ்டோர் ரூம்ல இருக்கு. வேற ஒருத்தருக்கு ரகசியமா விக்கப் பார்த்தேன்."

மச்சான் ஒரே ஓட்டமாக ஓடி அசல் படத்தைத் தூக்கி வந்தான். டார்ச்சைக் காட்டினான். நிழல்கள் குதித்துக் குதித்து ஓடின. அவனுக்கு ஒரே கும்மாளம்.

அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "தப்புப் பண்ணிட்டேண்டா."

"அந்த ஆள் ஆயிரம் சொல்லட்டும்க்கா," என்றான் தம்பி. "நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"