மிச்சத்தை வளர்க்கும் வெட்டு

ஆயுதபூசைக்கு மறுநாள் காலை இடைவெட்டி எந்திரன் ஒரு மரத்தையும் தொடவில்லை. வேலையாட்கள் முன்னால் வந்து நின்று, "ஜியென்ஃபா" என்றது.

மன்னவனூர் பைன் காட்டில் அந்தச் சீனச் சொல் தெரியாதவர் கிடையாது. நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி, மிச்சத்துக்கு வெயிலும் இடமும் கொடுப்பதுதான் ஜியென்ஃபா. சிவப்புப் பொட்டு வைத்த மரம் விழும், வைக்காதது வளரும். சீனாவிலிருந்து வந்த எந்திரன் அந்த ஒரு சொல்லை வைத்தே காட்டை நிர்வகித்தது. போன மாதம் வனத்துறை அலுவலகம் வேலையாட்களையும் அதன் பொறுப்பில் விட்டிருந்தது.

"மரத்தை விட்டுட்டு நம்மளப் பாத்து எதுக்கு இதைச் சொல்லுது?" என்றாள் மேஸ்திரி ஒச்சம்மாள். அதற்குள் பத்துப் பேர் கைபேசியிலும் வேலைநீக்க ஆணை வந்துவிட்டது.

"நேற்று குறி வைத்துக்கொண்டவர்கள் பத்துப் பேர்," என்றது எந்திரன்.

"அடக் கட்டைல போற எந்திரமே! அது பூசைக் குங்குமம்!" ஒச்சம்மாள் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"அழிந்த குறியும் குறியே."

அந்த விதியை அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். முன்பு மழையில் பொட்டு கரைந்த மரங்களை அது விட்டுவிட்டுப் போனது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏழு வருசம் அலைந்து வாங்கிய மேஸ்திரி வேலை இப்படியா போக வேண்டும்?

நேற்று பூசைக்கு வராமல் தூங்கிய பதினோராவது ஆள் மொக்கராசு அப்போதுதான் கொட்டாவி விட்டபடி வந்தான். எந்திரன் மரியாதையாக ஒதுங்கியது.

"நல்ல மரம். இடம் ஒதுக்கியாயிற்று. வளருங்கள்."

விவரம் கேட்டதும் மொக்கராசு பதறினான். "ஆத்தாடி! பத்தாள் வேலையவும் நானா பாக்கணும்? என்னக்கா இது?"

ஒச்சம்மாளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "மிச்சம் இருந்தாத்தானடா அது ஜியென்ஃபா! நெத்தியக் காட்டு." மடியிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துப் பெரிய பொட்டாக வைத்தாள்.

எந்திரன் பதினோரு நெற்றிகளையும் எண்ணிப் பார்த்தது. பிறகு, "மிச்சமில்லை. ஆகவே இது ஜியென்ஃபா அல்ல. ஆணைகள் ரத்து," என்றது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.

"ஒன்றும் விடாமல் வெட்டுவதற்குப் பெயர் ஜியேஃபா," என்று தொடர்ந்தது எந்திரன். "அதற்கு அலுவலக அனுமதி வேண்டும். கேட்டிருக்கிறேன்."

"குடுக்க மாட்டாக," என்று சிரித்தாள் ஒச்சம்மாள். "ஒத்த ஆளு இல்லாம காட்ட யாரு பாப்பாக?"

"அனுமதி வந்துவிட்டது," என்றது எந்திரன்.