கண் பாப்பா

ஜீவனஹள்ளியில், பேக்கரிக்கு மேல்மாடி. டாக்டர் தியோடரின் அறையைவிட அவருடைய போர்டு நீளம். வாரக் கடைசி ஆன்லைன் வகுப்பில் டாக்டரானவர். கருவிழியைப் பார்த்தே கல்லீரல் முதல் கணையம் வரை சொல்லிவிடுவார்.

தமயந்தி மகள் தர்ஷினியோடு சாயங்காலம் வந்திருந்தாள். பிள்ளைக்குச் சர்க்கரை. தினமும் இன்சுலின், தினமும் அழுகை. ஊசியை விட்டால் உயிருக்கே ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. மறக்கத்தான் இங்கே வந்தாள்.

படிக்கட்டு வரை பன் வாசனை. அறைக்குள் ஸ்பிரிட் வாசனை. ஊசியே போடாத இடத்தில் அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

தியோடர் பிள்ளையின் கண்ணருகே கேமராவைப் பிடித்தார். சுவரிலிருந்த டிவி முழுக்க ஒற்றைக் கண்.

"கணையம் தூங்குதும்மா, அவ்ளோதான். நம்ம பொடி எழுப்பிடும். இன்னிலேர்ந்து ஊசிய நிறுத்திடுங்க."

"நிஜமாவா சார்?" தமயந்திக்கு அழுகை வந்துவிட்டது.

தர்ஷினி டிவியைக் காட்டினாள். "அம்மா, கண்ணுக்குள்ள ஒரு பாப்பா."

"கரெக்ட் கண்ணு. அந்தக் கறுப்புக்குப் பேரே கண் பாப்பாதான்."

"இல்ல அங்கிள். யூனிஃபார்ம் போட்ட பாப்பா. உங்க பின்னாடி."

தமயந்தி பார்த்தாள். கறுப்பு வட்டத்தில் தியோடரின் உருவம். அதன் பின்னால் ஒரு சிறுமி.

திரும்பினாள். அவர் முதுகுக்குப் பின்னால் மூடிய கதவு மட்டும்.

"டாக்சின்மா அது," என்றார் தியோடர். "கழிவு சேர்ந்தா இப்படித்தான் உருவம் காட்டும்." மறுபடி படம் எடுத்தார்.

சிறுமி நெருங்கி வந்திருந்தாள்.

மறுபடி.

அவள் கை அவர் தோளில் இருந்தது.

தியோடர் தோளைச் சிலிர்த்துக்கொண்டார். திரும்பவில்லை.

"சுனிதா," என்று முனகினார். "நல்லதுக்குத்தானேம்மா ஊசிய நிறுத்தச் சொன்னேன்..."

தமயந்தி எழுந்துவிட்டாள். "டாக்சினுக்குப் பேரெல்லாம் இருக்கா சார்?"

பிள்ளையை வாரிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுத்தாள். தர்ஷினி இன்று அழவில்லை. சட்டைக் கையைத் தானே சுருட்டிக்கொண்டாள்.

"சீக்கிரம் போடும்மா," என்று கிசுகிசுத்தாள். "அவ எவ்ளோ நேரமா நிக்கிறா."

தமயந்தி மகளின் கண்ணுக்குள் பார்த்தாள்.

கறுப்பு வட்டத்தில் தன் முகம். தோளுக்குப் பின்னால் அந்த யூனிஃபார்ம் சிறுமி, தானும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு.